விசுவாச மந்திரமும் ஒத்தக்கொம்பியும்

அமலராணிக்குப் பாயாசம் பிடிக்காது. கல்யாணப் பந்தியில் வாளியோடு வருகிறவரை இலைக்கு மேல் கையை நீட்டி மறித்துவிடுவாள். ஊறுகாயை மட்டும் ரெண்டாம் தடவை கேட்டு வாங்குவாள். கருவாட்டைச் சட்டியில் போட்டு வதக்கினால் ஆகாது. தணலில் நேராகப் போட்டுச் சுட்டு, சாம்பலைத் தட்டி, பழைய சோற்றோடு கடிக்க வேண்டும். புளியங்காய்க் காலத்தில் அவள் முந்தானையில் உப்புக்கல் முடிச்சு இல்லாமல் இருக்காது. ரோசு நிறத்தைக் கண்டால் குமட்டும். இலைப்பச்சையில் அரக்குக் கரை வைத்த சேலை ஒன்றை வாழ்நாளில் கட்டிவிட வேண்டும் என்று ஆசை. சவரிநாதன் மகளுக்கு நாக்கும் காரம், பேச்சும் காரம் என்பது செங்காட்டுப்பட்டி முழுக்கத் தெரிந்த சங்கதி.

செங்காட்டுப்பட்டி, ஆவூர் மாதா கோயிலைச் சேர்ந்த சிற்றூர்களில் ஒன்று. புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய் ஏழெட்டு வருசம் ஆகியிருந்தும் ஊரில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாவிட்டால் செம்மண் காட்டில் கொள்ளு, துவரை, மிளகாய். அந்தத் தையில் மிளகாய் நன்றாகக் காய்த்திருந்தது. விடிந்ததும் அமலராணி ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்ப் பொட்டலில் விட்டுவிட்டு, பக்கத்திலேயே மிளகாய் பறிப்பாள். சிநேகிதி மரிய செல்வியும் கூடப் பறிக்க வருவாள். விரல் எரிச்சல் தெரியாமல் இருக்க இருவரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். பேச்சு எங்கே சுற்றினாலும் கீரனூர் டூரிங் டாக்கீஸில் பார்த்த படத்தில் வந்து நிற்கும்.

"ஏடி அமலி, அவன் அந்தப் புள்ளைக்காகப் பாட்டாப் பாடிக்கிட்டே மலை மேல ஏறுனானே, ஒனக்கு அழுகையே வரலையா?"

"வந்துச்சு. பாவம், எப்பச் சாப்புட்டானோன்னு வந்துச்சு."

"போடி. காதல்னா என்னன்னே ஒனக்குத் தெரியாது."

"ஏன் தெரியாது? நான் ஆக்கிப் போட்டதுல உப்பு கூட இருந்தா, கூடன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லணும். சொல்லிப்புட்டுச் சட்டிய வழிச்சுத் திங்கணும். அம்புட்டுத்தான்."

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுக்கே ஆளக் காணோம்டி."

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. சவரிநாதனின் ஒன்றுவிட்ட அக்கா மகன் ஆரோக்கியமுத்து அறந்தாங்கியில் ஜவுளிக்கடையில் வேலையாக இருந்தான். முறைமாப்பிள்ளை. தீபாவளிக் கூட்டம் ஓய்ந்ததும் பவுடர் பூசி, குடை பிடித்துக்கொண்டு விருந்துக்கு வந்தவன், அமலராணிக்கு என்று கொண்டுவந்தது ரோசுச் சேலை. அன்றைக்கு அவள் ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டாள். அவன் அந்த ரசத்தை உறிஞ்சிக் குடித்துவிட்டு, "பிரமாதம் மாமா, பிரமாதம்" என்றான். சவரிநாதனுக்கு மாப்பிள்ளையின் மரியாதை பிடித்துப்போயிற்று. அடுப்படியில் நின்ற அமலராணிக்கு அங்கேயே விட்டுப்போயிற்று. இவனோடு குடித்தனம் செய்தால் வீடு பற்றி எரிந்தாலும் பிரமாதம் என்றுதான் சொல்லுவான் என்று நினைத்துக்கொண்டாள்.

மிளகாய்க் கொல்லைக்கு அடுத்த காடு அழகுமலையினுடையது. தை பிறந்ததும் அவர் கிணறு வெட்ட ஆள் விட்டிருந்தார். மேலே உருளையில் வடம் போட்டு மண்கூடை இழுக்கிறவன் கருப்பன். உள்ளே கடப்பாரை போடுகிறவர்களில் ஒருவன் அடுத்த ஊர்ச் சூசைமாணிக்கம். சரளை முடிந்து பாறை தட்டியிருந்தது. நாள் முழுக்க டங், டங் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் மத்தியானம் கருப்பன் வரப்போரம் வந்து நின்றான்.

"ஏத்தா, வெறும் கஞ்சியா இருக்கு. தொட்டுக்கிற எதுவும் இருந்தாக் குடேன்."

அமலராணி தன் தூக்குவாளியில் இருந்த கொள்ளுத் துவையலைக் கொடுத்தாள். கிணற்றுக்குள்ளிருந்து சூசைமாணிக்கம் ஏறி வந்தான். தலைமுடி, புருவம், காது மடல் எல்லாம் செம்மண். துவையலை விரலில் தொட்டு நாக்கில் வைத்தான்.

"உப்பு ஒரு கல்லு கூட" என்றான்.

கருப்பன் அவனை முறைத்தான். அவன் கண்டுகொள்ளாமல் உட்கார்ந்து, துவையல் முழுவதையும் வழித்துத் தின்றுவிட்டு, வாளியைக் கழுவி வரப்பில் கவிழ்த்துவைத்தான். மறுநாள் அமலராணி ஒரு கல் குறைத்து அரைத்துக் கொண்டுபோனாள். "இன்னிக்குச் சரி" என்றான். அவள் முகத்தை அவன் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அமலராணிக்கோ நெஞ்சு நிறைந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் ஆடு ஓட்டிக்கொண்டு வந்தபோது, காரணமில்லாமல் அவளுக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது.

சூசைமாணிக்கத்தையும் அந்தத் துவையல் சும்மா விடவில்லை போலிருக்கிறது. தாய் தகப்பன் இல்லாதவன். சித்தப்பனை வெற்றிலை பாக்கோடு அனுப்பிவிட்டான். வீட்டில் ஒரே ரகளை. ஆத்தா வியாகுலமேரி அடுப்படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். சவரிநாதன் துண்டை உதறி உதறித் தோளில் போட்டார்.

"அறந்தாங்கியில காத்தாடிக்குக் கீழ ஒக்காந்து வேல பாக்குறான். அவன விட்டுப்புட்டு மண்ணு வெட்டுறவனா?"

"அப்பா, அறந்தாங்கியாரு ரசத்துல உப்பே இல்ல. அதப் பிரமாதம்னு சொன்னாருப்பா."

"அதுக்கு?"

"பயமா இருக்குப்பா."

சவரிநாதனுக்கு இது விளங்கவில்லை. ஆனால் ஒரே மகள், முகத்தைப் பார்த்தார், பாதி இறங்கி வந்தார்.

"எங்க அக்காகிட்ட ஏற்கெனவே வாக்குக் குடுத்துட்டேன். விபூதிப் புதனுக்கு முந்தி இந்தக் கலியாணம் முடிஞ்சா முடிஞ்சது. அன்னிக்குத் தவசுகாலம் பொறந்துட்டா நாப்பது நாளைக்குக் கோயில்ல கலியாணம் கிடையாது. அப்புறம் உயிர்ப்புத் திருநாள் கழிஞ்சு ஆரோக்கியமுத்துக்குத்தான். அப்ப நீ வாயத் தொறக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்ப்பா."

விபூதிப் புதனுக்கு அப்போது ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. இதில் என்ன சிரமம் என்று அமலராணி நினைத்தாள். மந்திரம் ஒப்பிக்கிற சங்கதியை அவள் மறந்தே போனாள்.

ஆவூர்ப் பக்கத்தில் கோயில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பங்குச் சாமியார் சபையில் அறிவிப்பார். அந்த ஓலை ஏறுவதற்கு முன்னால், மாப்பிள்ளையும் பெண்ணும், ஊருக்கு ஞானோபதேசம் சொல்லித்தருகிற உபதேசியார் முன்னால் தனித்தனியாக நின்று மந்திரங்களை ஒப்பிக்க வேண்டும். உபதேசியார் குழந்தைசாமி ஒரு சொல் தப்பினாலும் விடமாட்டார். சின்ன வயதிலிருந்து கிணறு வெட்டுகிற கூட்டத்தோடு ஊர் ஊராகப் போனவனுக்கு ஞானோபதேசம் எங்கே கிடைத்தது? கோயிலில் கும்பலோடு சொல்லும்போது சூசையின் வாயும் சேர்ந்து அசையும். தனியாகச் சொல்லு என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை பரலோக மந்திரத்தைக் கடந்து, விசுவாச மந்திரத்தில், இயேசுவுக்குத் தீர்ப்புச் சொன்ன போஞ்சு பிலாத்து வந்ததும் நின்றுவிட்டான். ரெண்டாம் தடவையும் அதே பிலாத்து.

செய்தியை மரிய செல்விதான் கொண்டுவந்தாள்.

"வர சனிக்கிழமை கடைசியாக் கேப்பாராம்டி. அதுலயும் தப்புனா, தவசுக்குள்ள மூணு ஓலை வாசிக்க ஞாயித்துக்கெழம இல்லையாம்."

அமலராணிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. பாறையையே பிளக்கிறவனுக்குப் பிலாத்துவைத் தாண்ட முடியவில்லையா? நேரே போய் நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பேச்சு முடிந்த பெண்ணும் மாப்பிள்ளையும் பேசிக்கொண்டார்கள் என்று தெரிந்தால் சாமியார் ஓலையையே நிறுத்திவிடுவார். வெற்றிலை மாற்றிய நாளிலிருந்து அவள் கிணற்றுப் பக்கம் திரும்பியது கிடையாது. துவையல்கூடக் கருப்பன் கை வழியாகத்தான் போயிற்று.

திங்கட்கிழமை காலையில் அவள் மிளகாய்க் கொல்லையின் கிழக்குக் கோடிக்குப் போனாள். அங்கிருந்து கிணற்று வாய் கூப்பிடு தூரம்கூட இல்லை. நடுவில் தோண்டிப்போட்ட மண்மேடு மட்டும். உள்ளே டங், டங். அவள் குனிந்து மிளகாயைப் பறித்தபடியே, தொண்டையைச் செருமிக்கொண்டு, விசுவாச மந்திரத்தை ஆரம்பித்தாள். மெதுவாக, ஒவ்வொரு அடியாக, பொட்டல் முழுக்கக் கேட்கிறாற்போல.

கடப்பாரைச் சத்தம் நின்றது.

அவள் முதல் அடியை இன்னொரு தடவை சொன்னாள். பிறகு கிணற்றுக்குள்ளிருந்து ஒரே ஒரு சத்தம் வந்தது. டங்.

அமலராணிக்குப் புரிந்துவிட்டது. அடுத்த அடியைச் சொன்னாள். சத்தம் இல்லை. திரும்பவும் சொன்னாள். டங்.

அந்த வாரம் முழுவதும் இதுதான் நடந்தது. பிடிபட்ட அடிக்கு ஒரு டங், பிடிபடாவிட்டால் மௌனம். அவன் குரலை அவள் கேட்கவில்லை, அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை. மரிய செல்வி அழுதாளே, அந்தப் படத்தில்கூட இப்படி ஒன்று இல்லை என்று அமலராணிக்குத் தோன்றியது. ஒருவன் தன் வாய்ச்சொல்லை அப்படியே வாங்கி உள்ளே வைத்துக்கொள்கிறான் என்பது அவளுக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

ஒரே இடைஞ்சல் ஒத்தக்கொம்பி. ஒரு கொம்பு முறிந்துபோன வெள்ளாடு. மந்திரம் சொல்லும்போது அமலராணியின் கவனம் ஆட்டின் மேல் இருக்காது என்பதை அது முதல் நாளே கண்டுகொண்டது. சரியாகப் போஞ்சு பிலாத்து வருகிற நேரம் பார்த்து மிளகாய்ச் செடியில் வாய் வைக்கும். அவளும் மந்திரத்தின் ராகம் மாறாமல், "ஏய் ஒத்தக்கொம்பி, வாய எடுடி!" என்று ஒரு மண்ணாங்கட்டியை எறிந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.

வியாழக்கிழமை வாக்கில் கருப்பன் வடத்தைப் பிடித்தபடி மேட்டிலிருந்து கத்தினான். "ஏத்தா, அவன் தப்புனாலும் கவலப்படாத. எனக்கே பாடமாயிருச்சு. நான் போய்ச் சொல்லிர்றேன்!"

ஊர் என்ன நினைத்தது என்பதை அவள் யோசிக்கவில்லை. சுள்ளி பொறுக்கப் போன சந்தனமேரிதான் முதலில் கேட்டாள். சவரிநாதன் மகள் காட்டில் தனியாக, விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை மந்திரம் சொல்கிறாள்! சந்தனமேரி தன் வீட்டுக்குப் போகவில்லை. நேரே வியாகுலமேரியிடம் போனாள்.

"மதினி, ஒன் மகளுக்கு தேவ அழைத்தல் வந்துருக்கு. எங்க சின்னம்மா மக கன்னியர் மடத்துக்குப் போறதுக்கு முந்தி இப்படித்தான் வாய் ஓயாமச் செபிச்சா. கலியாணம் கிலியாணம்னு பாவத்தைத் தேடிக்கிறாதீக."

"காரமில்லாமச் சோறு எறங்காது அவளுக்கு. அவளாவது மடத்துக்குப் போறதாவது!"

"அழைக்கிறவரு நாக்கையா பாத்து அழைக்கிறாரு?"

அன்று இரண்டு பெண்டுகள் வந்து அமலராணியின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். சவரிநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. கர்த்தருக்குப் பெண்ணைக் கொடுப்பது குடும்பத்துக்குப் பெருமை, அதற்குத் தடை சொன்னால் பாவம். ஆனால் வீட்டில் இனி யார் சண்டை போடுவார்கள்? அமலராணி உண்மையைச் சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டாள். சொன்னால் மாப்பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த கதை சாமியார் காதுக்குப் போகும். சொல்லாவிட்டாலோ ஊர் அவளை மடத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடும் போலிருந்தது. இரண்டு பக்கமும் முள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஊர்க் கோயில் வராண்டாவில் உபதேசியாரோடு சாமியாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். செய்தி ஆவூர் வரை போய்விட்டது. சாமியார் வயதானவர், நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதுதான் பயமே. ஊரில் பாதி வந்து நின்றது. ஆண்கள் பக்கத்தில் சூசைமாணிக்கம் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி நின்றான். காது மடலில் மட்டும் செம்மண் போகவில்லை.

அமலராணி எல்லா மந்திரங்களையும் தண்ணீர்போல ஒப்பித்தாள். சாமியார் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாள் பூராவும் காட்டுல செபம் பண்ணுறியாமே, மெய்தானா?"

"மெய்தான் சாமி."

"அது பெரிய வரம் அம்மா. கலியாணத்துக்கு என்ன அவசரம்? ஓலையை இப்ப நிறுத்திவைப்போம். ஒரு வருசம் யோசி. ஆண்டவர் ஒன்னக் கூப்புடுறாரோ என்னமோ."

சாமியாரிடம் பொய் சொல்ல முடியாது. மெய்யைச் சொன்னால் சூசைக்கு ஆபத்து. அவள் தலைகுனிந்து நின்றதை அடக்கம் என்று நினைத்துச் சந்தனமேரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"சாமி." ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல். சூசைமாணிக்கம் முன்னால் வந்துவிட்டான். "நானும் சொல்லணும்ல. கேட்டுப்புட்டு அப்புறம் நிறுத்துங்க சாமி."

உபதேசியார் உதட்டைப் பிதுக்கினார். சாமியார், "சொல்லு" என்றார்.

சூசை கண்ணை மூடிக்கொண்டான். கைகள் கடப்பாரையைப் பிடித்திருப்பதுபோல் தாமாகவே சேர்ந்துகொண்டன. பரலோக மந்திரம் போயிற்று. விசுவாச மந்திரம் தொடங்கியது. அமலராணியின் ராகம், அமலராணியின் இழுப்பு, அவள் மூச்சு வாங்குகிற இடத்தில் அவனும் மூச்சு வாங்கினான். பிலாத்து வருகிற இடம் நெருங்கியது. அவள் முந்தானையை வாயில் கடித்துக்கொண்டாள்.

"போஞ்சு பிலாத்தின் அதிகாரத்தில் பாடுபட்டு, ஏய் ஒத்தக்கொம்பி, வாய எடுடி, சிலுவையில் அறையுண்டு..."

அவன் பாட்டுக்கு மந்திரத்தை முடித்து, ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தான். எல்லாரும் ஏன் இப்படிப் பார்க்கிறார்கள் என்று அவனுக்கு விளங்கவில்லை.

"ஒத்தக்கொம்பியா?" என்றார் உபதேசியார். "அது எந்த மந்திரத்துல வருது?"

"அது எங்க வீட்டு ஆடு" என்றார் சவரிநாதன். சொல்லிவிட்டு மகளைத் திரும்பிப் பார்த்தார். சாமியாரும் பார்த்தார். மெதுவாக ஊரே பார்த்தது.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்களா?" சாமியாரின் குரல் கடுமையாகத்தான் இருந்தது.

"ஒரு வார்த்தை பேசல சாமி" என்றான் சூசை. "அவுக மந்திரம் சொன்னாக. நான் கெணத்துக்குள்ள இருந்தேன்."

"மந்திரம் மட்டுந்தானா?"

"ஆட்டையும் வைஞ்சாக."

சாமியார் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. உபதேசியார் மட்டும் விடவில்லை.

"அதெல்லாம் செல்லாது சாமி. ஆட்ட விட்டுப்புட்டுச் சொல்லச் சொல்லுங்க."

சூசை மறுபடியும் கண்ணை மூடினான். வந்தான், வந்தான், பிலாத்துவிடம் வந்தான். "பாடுபட்டு..." நின்றுவிட்டான். "பாடுபட்டு..." கைவிரல்கள், அங்கே இல்லாத கடப்பாரையைத் தேடின. ஆட்டை எடுத்துவிட்டால் அவனுக்கு வழி தெரியவில்லை.

அமலராணி பார்த்தாள். அவளுடைய பச்சைச் சேலையும், சுட்ட கருவாடும், உப்பு கூட என்று சொல்ல ஒரு வாயும் அந்த ஒரு அடியில் தொங்கிக்கொண்டிருந்தன. வெட்கப்பட்டு நின்றால் அறந்தாங்கி. அடக்கமாக நின்றால் மடம். அவள் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு எட்டு முன்னால் வந்து, காட்டில் கத்துகிற அதே குரலில் கத்தினாள்.

"ஏய் ஒத்தக்கொம்பி, வாய எடுடி!"

"சிலுவையில் அறையுண்டு, மரித்து..." என்று மடை திறந்ததுபோல் ஓடிப்போய் ஆமெனில் நின்றான் சூசைமாணிக்கம்.

வராண்டா சிரிப்பில் அதிர்ந்தது. வியாகுலமேரி அழுதுகொண்டே சிரித்தாள். உபதேசியாரும் மீசைக்குள் சிரிப்பை ஒளிக்கப் பார்த்துத் தோற்றுப்போனார். சாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப மடத்துக்குப் போகலையா அம்மா?"

"இல்ல சாமி. எனக்குக் காரம் வேணும்."

"சவரிநாதா, ஒன் மகளுக்கு அழைத்தல் வந்தது நெசந்தான். கெணத்துக்குள்ள இருந்து வந்துருக்கு. நாளைக்கு மொத ஓலை."

சவரிநாதன் துண்டை உதறித் தோளில் போட்டார். மாப்பிள்ளையிடம் போய், அவன் காதுமடல் செம்மண்ணைத் துண்டு நுனியால் துடைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தபோது சந்தனமேரிதான் எல்லாரையும்விட உரக்க ஆமென் சொன்னாள்.

திங்கட்கிழமை காலையில் அமலராணி வழக்கம்போல மிளகாய்க் கொல்லையின் கிழக்குக் கோடிக்குப் போனாள். சொல்லிக்கொடுக்க இனி மந்திரம் இல்லை. சும்மா குனிந்து பறித்தாள். கிணற்றுக்குள் கடப்பாரை நின்றது. நின்றது நின்றபடி இருந்தது. காத்திருக்கிறான் என்று தெரிந்தது. அவள் நிமிர்ந்தாள், ஒத்தக்கொம்பியைப் பார்த்து, பொட்டல் முழுக்கக் கேட்கிறாற்போல ஆரம்பித்தாள்.

"ஏய் ஒத்தக்கொம்பி! எனக்கு எலப்பச்சையில சேல வேணும். அரக்குக் கர. ரோசு ஆகாது!"

டங்.

"கருவாட்டத் தணல்லதான் சுடுவேன். பொக நாறுதுன்னு சொல்லக் கூடாது!"

டங்.

"எனக்குப் பாயாசம் புடிக்காது. கலியாணத்தன்னிக்கும் ஊத்தக் கூடாது!"

கொஞ்சம் யோசித்த மாதிரி இருந்தது. டங்.

"உப்பு கூடன்னா கூடன்னு சொல்லணும். எனக்குக் கெழடு தட்டுனாலும் சொல்லணும்!"

இந்தத் தடவை அடித்தது ஒரு கடப்பாரை மட்டும் இல்லை. கிணற்றுக்குள் இருந்த அத்தனை பேரும் சேர்ந்து அடித்தார்கள். மேலே கருப்பன் வடத்தை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அமலராணிக்கு மார்பு விம்மியது. உலகத்தில் தனக்கு வேண்டியது எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லியாயிற்று. எல்லாம் போய்ச் சேர்ந்தும்விட்டது.

"அப்ப ஒனக்கு என்ன வேணும்?" என்று கத்தினாள், ஆட்டைப் பார்த்துத்தான்.

அடிப் பாறையிலிருந்து, கிணறு முழுக்க முழங்கிக்கொண்டு, சூசைமாணிக்கத்தின் குரல் ஏறி வந்தது.

"தொவையல்!"